அமெச்சூர் கோல்ஃப் போட்டிக்கு விதித்தாள் தயாரிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

கோயம்புத்தூர்ப் பக்கம் பழைய மாணவர் குழு, தொழிலதிபர் குழு, மில் நண்பர்கள் என்று யாராவது வருடம் ஒரு கோல்ஃப் போட்டி வைப்பது வழக்கமாகிவிட்டது. டி-ஷர்ட்டுக்குத் திருப்பூரில் இரண்டு மாதம் முன்பே சொல்லிவிடுவார்கள். சமையல்காரருக்கு அட்வான்ஸ் போயிருக்கும். விதித்தாள் மட்டும் போட்டிக்கு முந்தின ராத்திரி, போன வருடத் தாளில் தேதியை மாற்றி பிரிண்ட் ஆகும். மறுநாள் மதியம் சாப்பாட்டுப் பந்தியில் சண்டை வரும்.

ஆறு வருடமாகக் கமிட்டியில் உட்கார்ந்து இந்தச் சண்டைகளைப் பஞ்சாயத்து செய்கிறேன். பெரும்பாலும் விதி தெரியாமல் வரும் சண்டை கிடையாது. முன்கூட்டியே எழுதி வைக்காததால் வருவது. புதிதாகப் பொறுப்பேற்கிறவர்கள் பரிசிலிருந்து எழுத ஆரம்பிக்கிறார்கள், அங்கேயே தடுக்கி விழுகிறார்கள். பரிசைத் தீர்மானிப்பது ஆட்ட வடிவம். ஆட்ட வடிவத்தைத் தீர்மானிப்பது யார் ஆட வருகிறார்கள், அவர்களுடைய ஹேண்டிகேப் (திறமைக்கு ஏற்பக் கழித்துக் கொடுக்கும் அடிகள்) என்ன என்பது. அதனால் கீழே உள்ள வரிசையிலேயே போங்கள்.

1. பேனாவை எடுக்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

மைதானத்தின் ஸ்கோர் கார்டு ஒன்று வாங்கி வையுங்கள். ஒவ்வொரு ஹோலின் பாரும் ஸ்ட்ரோக் இண்டெக்ஸும் அதில் இருக்கும். பார் என்பது அந்த ஹோலை முடிக்க எதிர்பார்க்கும் அடி எண்ணிக்கை, ஸ்ட்ரோக் இண்டெக்ஸ் என்பது ஹேண்டிகேப் அடியை எந்த ஹோலில் முதலில் கழிப்பது என்ற வரிசை எண். பின்பக்கத்தில் அந்த மைதானத்தின் நிரந்தர உள்ளூர் விதிகள் அச்சாகியிருக்கும். அதைப் படிக்காமல் நாம் ஒன்று எழுதி, அது கார்டில் இருப்பதோடு மோதினால் எது செல்லும் என்று அன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது.

அடுத்து, நீங்கள் பயன்படுத்தப் போகும் ஒவ்வொரு டீக்கும் (ஹோலின் முதல் அடி அடிக்கும் இடம்) உள்ள கோர்ஸ் ரேட்டிங், ஸ்லோப் ரேட்டிங், அதாவது மைதானம் எவ்வளவு கடினம் என்று சொல்லும் எண்கள். அலுவலகத்தில் கேட்டால் கொடுப்பார்கள். இது இல்லாமல் ஹேண்டிகேப் கணக்கு போட முடியாது.

மூன்றாவது விதிப்புத்தகம். ஆர் அண்டு ஏ, யுஎஸ்ஜிஏ என்ற இரண்டு அமைப்புகளும் சேர்ந்து வெளியிடும் விதிகள்தான் உலகம் முழுக்க. 2019-ல் பெரிய மாற்றம் வந்தது, 2023 ஜனவரியில் இன்னொரு திருத்தம். இலவச மொபைல் செயலியாகவே கிடைக்கிறது. “நாங்க இருபது வருசமா இப்படித்தானுங்க ஆடறோம்” என்று சொல்கிறவர் கையில் இருப்பது பெரும்பாலும் 2019-க்கு முந்தைய விதி. தொலைந்த பந்தைத் தேட 5 நிமிடம் என்பார், இப்போது 3 நிமிடம்தான். தோள் உயரத்திலிருந்து பந்தை டிராப் செய்வார் (கீழே விடுவார்), இப்போது முழங்கால் உயரம். தாளின் முதல் வரியாக “2023 விதிகளின்படி” என்று எழுதிவிட்டால் பாதிப் பேச்சு அங்கேயே அடங்கும்.

2. கமிட்டியை முதலில் முடிவு செய்யுங்கள்

விதிப்புத்தகத்தில் பல முடிவுகளைக் “கமிட்டி” எடுக்கும் என்றுதான் இருக்கிறது. கமிட்டி யாரென்று தாளில் பெயர் போடாவிட்டால், அதிக ஸ்பான்சர் பணம் கொடுத்தவர் கமிட்டியாகிவிடுவார்.

மூன்று பேர் போதும். இரண்டு பேர் என்றால் இழுபறி, ஐந்து பேர் என்றால் கூட்டம் சேராது. மூவரில் ஒருவராவது அன்றைக்கு ஆடக் கூடாது. மூன்று பேரும் ஆடப் போய்விட்டு, பதினோராம் ஹோலில் சந்தேகம் வந்தவர் போனில் கூப்பிட்டால் எடுக்க ஆளில்லை என்ற நிலை எங்களுக்கே வந்திருக்கிறது.

கமிட்டி ஆள் பக்கத்தில் இல்லாதபோது ஆட்டக்காரர் என்ன செய்ய வேண்டும் என்பதையும் எழுதுங்கள். ஸ்ட்ரோக் பிளேயில் (அடிகளை எண்ணும் ஆட்டம்) அதற்கு விதியே வழி வைத்திருக்கிறது. சந்தேகம் வந்த இடத்தில் இரண்டு பந்து ஆடி அந்த ஹோலை முடிக்கலாம். ஆனால் அடுத்த அடி அடிக்கும் முன்பே இரண்டு பந்து ஆடப் போகிறேன் என்று அறிவிக்க வேண்டும், எந்தப் பந்தைக் கணக்கில் எடுக்க விருப்பம் என்பதையும் சொல்ல வேண்டும். கார்டு கொடுக்கும் முன் கமிட்டியிடம் விவரம் சொல்ல வேண்டும். இரண்டு பந்துக்கும் ஒரே ஸ்கோர் வந்தாலும் சொல்லியே ஆக வேண்டும், சொல்லாவிட்டால் தகுதி நீக்கம். இந்தக் கடைசிப் பகுதிதான் யாருக்கும் தெரிவதில்லை. தாளில் தனி வரியாகப் போடுங்கள்.

3. யார் ஆடலாம், ஹேண்டிகேப் எந்தத் தேதியது

பரிசுக்கு ஆடுகிறவர் அமெச்சூராக (பணத்துக்காக ஆடாதவராக) இருக்க வேண்டும், நடப்பில் உள்ள ஹேண்டிகேப் இண்டெக்ஸ் இருக்க வேண்டும். இந்த இரண்டும் அடிப்படை. அப்புறம்தான் வயது, உறுப்பினர், விருந்தாளி எல்லாம்.

எந்தத் தேதியின் இண்டெக்ஸ் என்பதைக் குறிப்பிடுங்கள். போட்டிக்கு ஒரு வாரம் முன்பு என்று வைத்தால் வசதி. தேதி இல்லாவிட்டால் போன மாதம் 16 இருந்தவர், இன்றைக்கு 19 என்று சொல்லிக்கொண்டு வருவார். பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை, இடையில் நாலு கார்டு மோசமாகப் போட்டிருப்பார்.

2020-ல் வந்த உலக ஹேண்டிகேப் முறையில் இண்டெக்ஸ் 54.0 வரை போகலாம். நம் போட்டியில் அவ்வளவு தூரம் அனுமதிக்க வேண்டுமா என்பது உங்கள் விருப்பம். ஆண்களுக்கு 24, பெண்களுக்கு 36 என்று உச்சவரம்பு வைப்பது என் வழக்கம். அதற்கு மேல் இண்டெக்ஸ் உள்ளவர் ஆடட்டும், இந்த வரம்பைக் கணக்காக எடுத்துக்கொள்ளலாம். இண்டெக்ஸே இல்லாத விருந்தாளியை ஆட விடலாம், பரிசுப் பட்டியலில் சேர்க்கக் கூடாது. “அவர் நல்லா ஆடுவாருங்க, ஒரு பதினெட்டு போட்டுக்கலாம்” என்று கூட்டி வருகிறவர் சொல்வதைக் கேட்டு 18 போட்டோம். அந்த விருந்தாளி கோப்பையை வாங்கிக்கொண்டு போனார். அடுத்த மூன்று வருடம் அந்தப் பேச்சு ஓயவில்லை.

இண்டெக்ஸை அப்படியே கழிக்கக் கூடாது. இது புதியவர்கள் செய்யும் பெரிய பிழை. கணக்கு இப்படி: இண்டெக்ஸை ஸ்லோப்பால் பெருக்கி 113-ஆல் வகுக்க வேண்டும். அதோடு கோர்ஸ் ரேட்டிங்கில் பாரைக் கழித்து வருவதைக் கூட்ட வேண்டும். கிடைப்பது கோர்ஸ் ஹேண்டிகேப். தனிநபர் ஸ்ட்ரோக் பிளே, ஸ்டேபிள்ஃபோர்டு (புள்ளிக் கணக்கு ஆட்டம்) இரண்டுக்கும் அதில் 95 சதவீதம் எடுப்பது பரிந்துரை. அதுதான் ஆட்ட ஹேண்டிகேப்.

உதாரணத்துக்கு ஒரு கற்பனை டீ. ஸ்லோப் 125, கோர்ஸ் ரேட்டிங் 71.2, பார் 72. ஒருவரின் இண்டெக்ஸ் 18.4. பெருக்கி வகுத்தால் 20.35. ரேட்டிங்குக்கும் பாருக்கும் உள்ள வித்தியாசம் மைனஸ் 0.8, ஆக 19.55. அதில் 95 சதவீதம் 18.57. முழு எண்ணாக்கினால் 19. இதை எல்லோருக்கும் நீங்களே போட்டு, பெயருக்கு நேரே அச்சடித்து ஒட்டுங்கள். 2023 முதல் கார்டில் ஹேண்டிகேப் எழுதுவது ஆட்டக்காரரின் பொறுப்பு இல்லை, கணக்கைக் கமிட்டிதான் பார்த்துக்கொள்ள வேண்டும். அவரவர் டீயில் நின்று மனக்கணக்கு போட்டால் நாலு பேருக்கு நாலு விடை வரும்.

4. ஆட்ட வடிவம்: சந்தேகம் இருந்தால் ஸ்டேபிள்ஃபோர்டு

வாரம் ஒரு முறை ஆடுகிறவர்களும் வருடம் நாலு முறை ஆடுகிறவர்களும் கலந்து வரும் போட்டிக்குச் சாதாரண ஸ்ட்ரோக் பிளே ஒத்துவராது. அதில் ஒவ்வொரு ஹோலிலும் பந்தைக் குழியில் போட்டே ஆக வேண்டும். ஒரு ஹோலில் பாதியில் பந்தை எடுத்துவிட்டு அடுத்த ஹோலில் ஆடத் தொடங்கினால் தகுதி நீக்கம். “பக்கத்துலதானே இருக்கு, எடுத்துக்குங்க மாப்ளே” என்று நண்பர் விட்டுக்கொடுப்பதும் செல்லாது, அது மேட்ச் பிளேயில் (ஹோலுக்கு ஹோல் நேருக்கு நேர் மோதுவது) மட்டும்தான். ஒருவர் பங்கருக்குள் (மணல் பள்ளம்) பதினொன்று அடிக்கும்போது பின்னால் இரண்டு குழு காத்துக் கிடக்கும்.

ஸ்டேபிள்ஃபோர்டில் புள்ளிக் கணக்கு. ஹேண்டிகேப் அடியைக் கழித்த பிறகு பார் என்றால் 2 புள்ளி, பேர்டி (பாரைவிட ஒன்று குறைவு) 3, ஈகிள் (இரண்டு குறைவு) 4, போகி (ஒன்று அதிகம்) 1. டபுள் போகியோ அதற்கு மேலோ 0. இனிப் புள்ளி வராது என்று தெரிந்ததும் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கலாம். ஒரு மோசமான ஹோல் முழு நாளையும் கெடுக்காது.

கழிக்கும் அடி எந்த ஹோலில் என்பதை ஸ்ட்ரோக் இண்டெக்ஸ் சொல்லும். ஆட்ட ஹேண்டிகேப் 19 உள்ளவருக்கு எல்லா ஹோலிலும் ஒரு அடி, ஸ்ட்ரோக் இண்டெக்ஸ் 1 உள்ள ஹோலில் மட்டும் இரண்டு. பார் 4 ஹோலில் அவர் 5 அடித்தால், ஒன்று கழித்து 4, ஆக 2 புள்ளி. இந்த ஒரு உதாரணத்தைத் தாளில் போட்டுவிடுங்கள், பத்துப் பேர் கேட்கும் கேள்வி குறையும்.

ஹேண்டிகேப் கழிக்காத கிராஸ் பரிசு ஒன்று வைக்க ஆசை இருந்தால் வையுங்கள். அதே ஸ்டேபிள்ஃபோர்டில் கழிக்காமல் புள்ளி கணக்கிட்டால் போதும். இன்னொரு ஆட்ட வடிவத்தை உள்ளே நுழைக்காதீர்கள். ஒரே நாளில் தனிநபர் ஆட்டம், நால்வர் அணி, ஸ்கிராம்பிள் மூன்றையும் நடத்தப் பார்த்தவர்கள் சாயங்காலம் ஐந்து மணி வரை ரிசல்ட் போட முடியாமல் தவித்ததைப் பார்த்திருக்கிறேன்.

5. டீ, தொடக்க நேரம், காற்று

எந்தப் பிரிவுக்கு எந்த நிற டீ என்று எழுதுங்கள். மூத்தவர்களுக்கு முன் டீ கொடுத்தால் ரேட்டிங்கும் ஸ்லோப்பும் மாறும், அவர்களுடைய ஹேண்டிகேப்பைத் தனியாகப் போட வேண்டும். முன் டீயும் கொடுத்து, பின் டீயின் ஹேண்டிகேப்பையும் கொடுத்துவிட்டால் அந்தப் பிரிவுக்காரர்தான் ஜெயிப்பார்.

எல்லோரும் ஒன்றாகச் சாப்பிட வேண்டும் என்றால் ஷாட்கன் ஸ்டார்ட். அதாவது எல்லாக் குழுவும் வெவ்வேறு ஹோலில் நின்று, சைரன் கேட்டதும் ஒரே நேரத்தில் தொடங்குவது. செட்டிபாளையத்தில் உள்ளது போல 18 ஹோல் மைதானமாக இருந்தால், ஹோலுக்கு நாலு பேர் என்று 72 பேரை வைக்கலாம். அதற்கு மேல் வந்தால் பார் 5 ஹோல்களில் இன்னொரு குழு. பார் 3-ல் இரண்டு குழு வைத்தால் முதல் மணி நேரத்திலேயே அடைத்துக்கொள்ளும். ஷாட்கனுக்கு ஒரே சமயத்தில் எல்லாக் கேடிகளும் (பை தூக்குபவர்கள்) வேண்டும், அந்த எண்ணிக்கையை மைதானத்தில் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

தாமதத்துக்கான விதி தெளிவானது. 5 நிமிடத்துக்குள் வந்தால் தொடங்கும் ஹோலில் 2 அடி அபராதம், அதற்கு மேல் என்றால் தகுதி நீக்கம். “நம்ம ஆளுங்கதானே” என்று இதைத் தளர்த்தி எழுதாதீர்கள். ஷாட்கனில் தூரத்து ஹோலுக்கு நடந்து போகவே கால் மணி ஆகும், அதனால் “6:10-க்குள் பதிவு மேசையில், 6:30-க்குச் சைரன்” என்று இரண்டு நேரம் கொடுங்கள்.

ஏன் 6:30? காரணம் பாலக்காட்டுக் கணவாய். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அந்த வழியாக வரும் தென்மேற்குக் காற்று பத்து மணிக்கு மேல் நம்மை ஆட விடாது. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், கோல்ஃப் பந்தின் உச்ச எடையே 45.93 கிராம்தான். அந்த மாதங்களில் போட்டி வைத்தால் கிரீனில் (குழியைச் சுற்றிய குட்டைப் புல்) காற்று நகர்த்தும் பந்து பற்றி ஒரு வரி கட்டாயம். மார்க் வைத்து எடுத்து, மறுபடி வைத்த பந்து காற்றில் நகர்ந்தால் பழைய இடத்திலேயே வைக்க வேண்டும், அபராதம் இல்லை. இன்னும் எடுத்து வைக்காத பந்து காற்றில் நகர்ந்தால் நின்ற புது இடத்திலிருந்து ஆட வேண்டும். அது குழிக்குள்ளேயே போய் விழுந்தாலும் சரி, அதிர்ஷ்டம் அவருடையது.

6. உள்ளூர் விதிகள்: மைதானத்தை நடந்து பார்த்துவிட்டு எழுதுங்கள்

மேசையில் உட்கார்ந்து இந்தப் பகுதியை எழுத முடியாது. போட்டிக்கு இரண்டு நாள் முன்பு, மைதானப் பொறுப்பாளரையும் கூட்டிக்கொண்டு 18 ஹோலும் நடங்கள். கையில் சுண்ணாம்பு, கூடவே கொஞ்சம் வெள்ளை, மஞ்சள், சிவப்புக் குச்சிகள்.

முதலில் எல்லை. வெள்ளைக் குச்சிக்கு அப்பால் அவுட் ஆஃப் பவுண்ட்ஸ், அதாவது மைதான எல்லைக்கு வெளியே. மதில் உள்ள இடத்தில் மதில்தான் எல்லை என்று எழுதுங்கள். குச்சி சாய்ந்தோ காணாமலோ இருக்கும் இடத்தை அன்றைக்கே நட்டுவிட வேண்டும். இரண்டு குச்சிக்கு நடுவே நூறு அடி இடைவெளி இருந்து, பந்து அந்தக் கோட்டில் கிடந்தால், பார்க்கிறவர் நிற்கும் இடத்தைப் பொறுத்து அது உள்ளேயும் இருக்கும், வெளியேயும் இருக்கும்.

பந்து வெளியே போனாலோ தொலைந்தாலோ, ஒரு அடி அபராதத்தோடு முந்தைய இடத்துக்கே திரும்பிப் போய் அடிக்க வேண்டும் என்பது பொது விதி. அமெச்சூர் போட்டியில் யாரும் திரும்பி நடப்பதில்லை, ஏதோ ஒன்றைப் போட்டு ஆடுவார்கள். அதைச் சட்டப்படியே செய்ய ஒரு மாதிரி உள்ளூர் விதி இருக்கிறது. 2 அடி அபராதத்தோடு, பந்து வெளியே போன இடத்துக்கு நேரே ஃபேர்வே (டீக்கும் கிரீனுக்கும் நடுவே வெட்டிய புல்வெளி) ஓரத்தில் டிராப் செய்யலாம். உயர்மட்டப் போட்டிக்கு அது ஆகாது. நம்மைப் போன்ற போட்டிக்குத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம், ஒரு சுற்றுக்கு அரை மணி மிச்சமாகும். ஆனால் புரொவிஷனல் பந்து (முதல் பந்து கிடைக்காமல் போகலாம் என்று முன்கூட்டியே அடிக்கும் மாற்றுப் பந்து) அடித்துவிட்டவர் இந்தச் சலுகையைக் கேட்க முடியாது. அதையும் சேர்த்து எழுதுங்கள்.

நீர் நிலை, ஓடை, வாய்க்கால் எல்லாம் பெனால்டி ஏரியா, அதாவது அபராதத்தோடு பந்தை வெளியே எடுத்து ஆடக்கூடிய இடம். மஞ்சளா சிவப்பா என்று குறியிடுங்கள். சிவப்பு என்றால், பந்து உள்ளே நுழைந்த இடத்திலிருந்து குழியை நெருங்காமல் இரண்டு கிளப் (கோல்ஃப் மட்டை) நீளத்துக்குள் டிராப் செய்யும் வழி கூடுதலாகக் கிடைக்கும். கோடையில் தண்ணீர் வற்றி வெறும் மண்ணாகக் கிடந்தாலும் குச்சி இருந்தால் பெனால்டி ஏரியாதான். “தண்ணியே இல்லீங்களே” என்ற வாதம் ஒவ்வொரு ஏப்ரலிலும் வரும்.

பிளேசிங் பற்றி நிதானமாக எழுதுங்கள், அதிகச் சண்டை வரும் இடம் அது. ஃபேர்வே சரியில்லாத காலத்தில் பந்தை எடுத்துத் துடைத்து, பக்கத்தில் வைத்து ஆட விடுவது. மூன்று விஷயம் தெளிவாக இருக்க வேண்டும். எங்கே: ஃபேர்வே அளவுக்கு வெட்டிய புல்லில் மட்டும். எவ்வளவு தூரம்: 6 அங்குலமா, ஒரு கிளப் நீளமா, குழியை நெருங்காமல். எத்தனை முறை: ஒரே முறை. ஒரு வருடம் நான் “பிளேசிங் உண்டு” என்று இரண்டே சொல்லில் முடித்துவிட்டேன். சிலர் ரஃபில் (ஃபேர்வேக்கு வெளியே உள்ள உயரப் புல்) கிடந்ததை எடுத்து ஃபேர்வேயில் வைத்தார்கள். தாளில் தடை இல்லையே என்று கேட்டார்கள், பதில் இல்லை.

பழுதுபார்க்கும் இடங்களைச் சுண்ணாம்பால் வட்டமிடுங்கள். புது மரக்கன்றுகள், வண்டிப் பாதை, தண்ணீர்க் குழாய் மூடி இவற்றுக்கு விலக்கு (அபராதமின்றிப் பந்தை நகர்த்தி ஆடுவது) உண்டா என்பதைக் கார்டில் பார்த்து, இல்லாவிட்டால் மட்டும் சேருங்கள். மைதானத்தின் மேலே மின்கம்பி போனால், அதில் பட்ட பந்தை எண்ணாமல் அதே இடத்திலிருந்து திரும்ப அடிக்க வேண்டும் என்ற மாதிரி விதியும் இருக்கிறது.

அப்புறம் மயில். நம் ஊரில் மயிலை எழுதாமல் கோல்ஃப் விதி முடியாது. நின்ற பந்தை மயிலோ நாயோ நகர்த்தினால் அபராதம் இல்லை, இருந்த இடத்தில் திரும்ப வைக்க வேண்டும். இது விதிப்புத்தகத்திலேயே இருக்கிறது, தாளில் நினைவூட்டினால் போதும். நகர்த்தியது மயில்தான் என்று தெரிந்திருக்க வேண்டும், அல்லது கிட்டத்தட்ட உறுதியாக இருக்க வேண்டும். புதரில் பந்து காணாததற்கெல்லாம் மயிலைச் சாட்சிக்கு இழுக்க முடியாது. பாம்பு இருக்கும் இடத்தில் பந்து கிடந்தால் ஆபத்தான விலங்கு என்ற விதிப்படி அபராதமில்லாத விலக்கு உண்டு. அங்கே யாரும் விதி பார்ப்பதில்லை, ஓடத்தான் செய்கிறார்கள்.

விதிப்புத்தகத்தில் உள்ளதை மாற்றி எழுத உங்களுக்கு அதிகாரம் எல்லாவற்றிலும் கிடையாது. அங்கீகரித்த மாதிரி உள்ளூர் விதிகளை எடுத்துப் பயன்படுத்துங்கள். “பங்கரில் கால் தடத்தில் பந்து கிடந்தால் நகர்த்தலாம்” போன்ற சொந்தக் கருணையை உள்ளே விடாதீர்கள்.

7. கிளப், தூரம் அளக்கும் கருவி, கேடி

இந்தப் பகுதி நாலு வரி போதும். பையில் 14 கிளப்புக்கு மேல் கூடாது. மீறினால் மீறிய ஒவ்வொரு ஹோலுக்கும் 2 அடி, ஒரு சுற்றுக்கு அதிகபட்சம் 4. தூரம் அளக்கும் கருவிக்குப் பொது விதியே அனுமதி தருகிறது, மேடு பள்ளத்தைக் கணக்கிட்டுச் சொல்லும் வசதியை அணைத்து வைக்க வேண்டும். கேடி கட்டணத்தை யார் கொடுப்பது, எவ்வளவு என்று எழுதுங்கள். வெயிலில் ஐந்து மணி நேரம் பை தூக்கியவரிடம் பார்க்கிங்கில் நின்று பேரம் பேசுவது அசிங்கம்.

8. ஸ்கோர் கார்டு: தகுதி நீக்கங்கள் பிறக்கும் இடம்

ஒவ்வொருவரின் ஸ்கோரையும் அவர் குழுவில் இன்னொருவர் எழுத வேண்டும். அவர்தான் மார்க்கர். முதல் டீயிலேயே கார்டை மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். யாருக்கு யார் மார்க்கர் என்று நீங்களே அச்சடித்துவிட்டால் இன்னும் நல்லது. கணவன், மனைவி, அண்ணன், தம்பி ஒருவருக்கொருவர் மார்க்கராக வருவதைத் தவிருங்கள். விதி தடுக்கவில்லைதான், பேச்சு வரும்.

ஒவ்வொரு ஹோல் முடிந்ததும் எழுத வேண்டும். நாலு ஹோலுக்கு ஒரு முறை “உங்களுக்கு என்னங்ண்ணா, அஞ்சா ஆறா?” என்று கேட்டு எழுதும் கார்டில் பிழை இல்லாமல் இருக்காது.

ஆட்டக்காரர் பொறுப்பு ஹோல் வாரியான அடி எண்ணிக்கை மட்டும்தான். கூட்டல், புள்ளிக் கணக்கு, ஹேண்டிகேப் கழிப்பது கமிட்டி வேலை. கூட்டலில் தப்பு செய்தவரைத் தகுதி நீக்கக் கூடாது, புதிய கமிட்டிகள் இதைச் செய்துவிடுகின்றன. ஒரு ஹோலில் அடித்ததைவிடக் குறைவாக எழுதி, அதனால் கூடுதல் புள்ளி கிடைத்திருந்தால் தகுதி நீக்கம். கூடுதலாக எழுதிக் கொடுத்தால் அந்தக் கூடுதலே நிற்கும். அபராதம் இருப்பதே தெரியாமல் விட்டிருந்தால் மட்டும், பிறகு அந்த அடியைச் சேர்த்துக்கொண்டு விட்டுவிடலாம்.

கையெழுத்து இரண்டு வேண்டும், ஆட்டக்காரருடையது, மார்க்கருடையது. இல்லாவிட்டால் பொது விதிப்படி தகுதி நீக்கம். அதைக் கடைசி ஹோலில் 2 அடி அபராதமாக மாற்றும் மாதிரி உள்ளூர் விதி வந்திருக்கிறது, நான் இப்போது அதையே போடுகிறேன். முன்பு ஒருமுறை 39 புள்ளி எடுத்துவந்த பெரியவர் ஒருவர், மார்க்கர் அவசரமாகக் கிளம்பிப் போனதால் ஒரு கையெழுத்துக் குறைந்து பரிசை இழந்தார். விதிப்படி நாங்கள் செய்தது சரி. அவர் சாப்பிடாமல் போனது இன்னும் மனதில் இருக்கிறது.

கார்டு பெறும் இடம் ஒன்றே ஒன்று இருக்கட்டும், ஒரு மேசை, ஒரு பெட்டி. ஆட்டம் முடிந்து 15 நிமிடத்துக்குள் என்று நேரம் வையுங்கள். கொடுத்த கார்டைத் திரும்ப வாங்கித் திருத்த அனுமதி இல்லை.

9. சமநிலையும் பரிசும்

72 பேர் ஆடினால் இரண்டு பேர் ஒரே புள்ளியில் நிற்பது நிச்சயம். கவுண்ட்பேக் முறையில் கடைசி 9 ஹோல், அப்புறமும் சமம் என்றால் கடைசி 6, பிறகு 3, பிறகு கடைசி ஹோல் என்று ஒப்பிட வேண்டும். ஷாட்கனில் இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஏழாம் ஹோலில் தொடங்கியவருக்குக் கடைசி ஒன்பது எது? யார் எங்கே தொடங்கியிருந்தாலும் 10 முதல் 18 வரை, 13 முதல் 18 வரை, 16 முதல் 18 வரை, கடைசியில் 18-ஆம் ஹோல் என்று எண் போட்டே எழுதுங்கள். ஸ்டேபிள்ஃபோர்டில் ஹேண்டிகேப் அடி ஹோலிலேயே கழிந்துவிடுவதால், ஸ்ட்ரோக் பிளே கவுண்ட்பேக்கில் போலப் பாதி ஹேண்டிகேப் கழிக்கும் வேலை இங்கே வராது.

பரிசில் அமெச்சூர் தகுதி விதியைக் கவனியுங்கள். 2022-ல் மாற்றிய விதிப்படி, ஒருவர் ஒரு போட்டியில் பெறும் பரிசின் மதிப்பு 700 பவுண்டு, அல்லது 1,000 அமெரிக்க டாலரைத் தாண்டக் கூடாது. அதைவிட முக்கியம், ஹேண்டிகேப் கழித்து ஆடும் போட்டியில் ரொக்கப் பரிசே கூடாது. கவரில் பணம் வைத்துக் கொடுக்கும் ஸ்பான்சரிடம் இதை முன்பே சொல்லிவிடுங்கள், மேடையில் வைத்துச் சொன்னால் அவருக்குச் சங்கடம். கோயம்புத்தூரில் பரிசுப் பொருளுக்கா பஞ்சம்? இரண்டு லிட்டர் வெட் கிரைண்டர் கொடுத்த வருடம், வீட்டம்மாக்கள் அடுத்த வருடமும் ஆடப் போகச் சொன்னதாகக் கேள்வி.

ஒருவருக்கு ஒரு முக்கியப் பரிசு மட்டும் என்று எழுதுங்கள். கிராஸ், நெட் (ஹேண்டிகேப் கழித்தது) இரண்டிலும் வந்தால் எது அவருக்கு என்பதும் வேண்டும். குழிக்கு மிக அருகில் அடித்தவர் பரிசைப் பார் 3-ல் வைத்து, முதல் அடி, பந்து கிரீனில் நிற்க வேண்டும் என்று சொல்லுங்கள். நீண்ட தூர அடிக்குப் பந்து ஃபேர்வேயில் நிற்க வேண்டும்.

10. மழை, மின்னல், நிறுத்தம்

அக்டோபர், நவம்பரில் வைத்தால் வடகிழக்குப் பருவமழையை எதிர்பார்த்தே எழுத வேண்டும். ஏப்ரல், மே மாதக் கோடை இடியும் உண்டு, மதியத்துக்குள் முடித்துவிட்டால் பெரும்பாலும் தப்பிக்கலாம்.

வழக்கமான ஒலிக்குறிகள் இவை. நீண்ட ஒரு ஒலி என்றால் உடனே நிறுத்த வேண்டும், ஆபத்து. மூன்று தொடர் ஒலி என்றால் சாதாரண நிறுத்தம், தொடங்கிய ஹோலை முடித்துக்கொள்ளலாம். இரண்டு குட்டை ஒலி என்றால் மறுபடி ஆடலாம். நீண்ட ஒலிக்குப் பிறகும் ஒரு அடி அடித்தால் தகுதி நீக்கம், மின்னலில் கையில் இரும்புக் கம்பி பிடித்து நிற்பவரிடம் கருணை காட்ட இடமில்லை. இந்த ஒலியும் தொடக்கச் சைரனும் குழம்பாதபடி எழுதுங்கள்.

ஆட்டம் முடியாமல் நின்றுபோனால் என்ன என்பது பலர் விட்டுவிடும் வரி. ஷாட்கனில் ஒவ்வொரு குழுவும் ஆடிய ஹோல்கள் வேறு வேறு, பாதியில் ஒப்பிட முடியாது. எல்லோரும் 18 ஹோல் முடிக்காவிட்டால் முக்கியப் பரிசு இல்லை, குலுக்கலில் பரிசுப் பொருள் பிரிப்போம் என்று நாங்கள் எழுதுகிறோம். உங்களுக்கு வேறு வழி தோன்றினால் அதை எழுதுங்கள், எதுவும் எழுதாமல் விடாதீர்கள்.

11. தாளைச் சுருக்குவது, அனுப்புவது, வாசிப்பது

இவ்வளவும் எழுதினால் நாலு பக்கம் வரும். யாரும் படிக்க மாட்டார்கள். முழுத் தாளைப் பதிவு மேசையில் ஒட்டிவிட்டு, கார்டோடு கொடுக்க ஒரே பக்கச் சுருக்கம் தயார் செய்யுங்கள். எங்கள் சுருக்கம் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

2023 கோல்ஃப் விதிகளும், கார்டின் பின்பக்க விதிகளும், கீழ்க்கண்டவையும் பொருந்தும்.
தனிநபர் ஸ்டேபிள்ஃபோர்டு. ஹேண்டிகேப் அனுமதி 95 சதவீதம். உங்கள் ஆட்ட ஹேண்டிகேப் கார்டில் அச்சாகியுள்ளது.
பதிவு 6:10. சைரன் 6:30. 5 நிமிடம் வரை தாமதம் 2 அடி, அதற்கு மேல் தகுதி நீக்கம்.
பிளேசிங்: ஃபேர்வே புல்லில் மட்டும், 6 அங்குலம், ஒரு முறை.
தொலைந்த பந்து, எல்லைக்கு வெளியே: 2 அடி அபராதத்தோடு ஃபேர்வே ஓரத்தில் டிராப் செய்யலாம், புரொவிஷனல் அடித்திருந்தால் இல்லை.
தேடும் நேரம் 3 நிமிடம். புள்ளி வராது என்றால் பந்தை எடுத்துவிடுங்கள்.
சந்தேகம் இருந்தால் இரண்டு பந்து, முன்பே சொல்லி ஆடுங்கள், கமிட்டியிடம் தெரிவியுங்கள்.
கார்டு 15 நிமிடத்துக்குள், இரண்டு கையெழுத்தோடு.
சமநிலை: 10–18, 13–18, 16–18, 18.
கமிட்டி: மூன்று பெயர், மூன்று போன் எண். கமிட்டி முடிவே இறுதி.

இதை மூன்று நாள் முன்பே வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். கேள்வி கேட்கிறவர்கள் அங்கேயே கேட்கட்டும், பதிலை எல்லோரும் பார்க்கும்படி குழுவிலேயே போடுங்கள். தனியாக ஒருவருக்குச் சொன்ன பதில், மதியத்துக்குள் மூன்று வேறு பதிலாகிவிடும். காலையில் 6:15-க்குப் பிளேசிங், எல்லை, கார்டு ஆகிய மூன்றை மட்டும் மைக்கில் வாசியுங்கள். அதற்கு மேல் அந்த நேரத்தில் யார் காதிலும் ஏறாது.

கடைசியாக ஒரு வரி சேருங்கள்: முடிவு எப்போது இறுதியாகிறது என்பது. பரிசளிப்பில் பெயர் வாசித்ததும் போட்டி முடிந்தது என்று நாங்கள் எழுதுகிறோம். ஆட்சேபம் இருந்தால் அதற்கு முன், எழுத்தில். இந்த வரியைச் சேர்த்த வருடத்திலிருந்து அரிசிம்பருப்புச் சாதம் சூடாக இருக்கும்போதே சாப்பிட முடிகிறது.